வளையத்துக்குள் சிவப்பு நூல்

இல்லை, அவரை மன்னிக்கவில்லை. இன்று காலை கண்காட்சிக்குக் கிளம்பும்போது பழைய பையிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு நூல் விழுந்தது. விரல் நீளம். ஒரு முனையில் காய்ந்த பசை. அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ராணுவ விமானிகள் பழகுவதற்கான இருவர் விமானம். கல்லூரிப் பணிமனையில் நீயும் நானும் அதன் மாதிரியைக் கட்டினோம். மூக்கில் விசிறி கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளையக் கூட்டுக்குள் சுழலும். இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்று.

"வாத்தியாரு பின்னாடிதான் குந்துவாரு. நீ முன்னாடி போ" என்றாய்.

"நீ எனக்கு வாத்தியாரா?"

"பின்ன? இறக்கைய தலைகீழா ஒட்டினவதானே நீ."

வளையத்தின் உள்சுவரில் காற்று எங்கே கலைகிறது என்று தெரியவில்லை. தையல் நூலை ஒட்டிப் பார்த்தோம், கனம், அசையவில்லை. மறுநாள் பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்து, தறியில் அறுத்துப் போட்ட பட்டு இழைகளைக் கொண்டுவந்தாய். விசிறியைச் சுழலவிட்டாய். நான் கைபேசியில் படம் பிடித்தேன்.

"இங்க பாருடி, நூல் படுத்துக்கினு இருக்குது. காத்து ஒழுங்கா போவுது. அங்க துடிக்குது பாரு, அங்கதான் தப்பு."

துடித்த இடத்தை அரத்தால் ராவினாய். எல்லா நூல்களும் படுத்துக்கொண்டன.

பிறகு உனக்குக் காய்ச்சல். நான்கே நாள்.

போன வருடம் மாதிரிக்கு முன் வைத்த பலகையில் நம் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே சிறிதாக என் பெயர். உன் பெயர் இல்லை. பணிமனைப் பக்கமே வராதவர் அவர். கேட்டேன். "இறந்தவங்க பேரைப் போட்டா பார்க்கிறவங்களுக்குச் சங்கடம்மா." நான் "சரிங்க சார்" என்றேன். அந்தச் சரி ஒரு வருடம் தொண்டையில் கிடந்தது.

நீ இருந்தால் "வுடுடி" என்பாய். விடவில்லை. நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே அவர் மாட்ட வேண்டும் என்று காத்திருந்தேன்.

இன்று விருந்தினராக வந்தவர் விமானப்படையில் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். கூட்டத்திலிருந்து கேட்டேன்.

"சார், வளையத்துக்குள்ள அந்தச் சிவப்பு நூலெல்லாம் எதுக்கு?"

பேராசிரியர் சிரித்தார். "நம்ம ஊர் பட்டும்மா. ஒரு அடையாளம். அழகுக்கு."

விருந்தினர் கண்ணாடியைக் கழற்றினார். "அழகுக்கா? அதுவும் உள்பக்கமா?"

கைபேசியை உயர்த்தி ஓடவிட்டேன். கூடம் முழுக்க உன் குரல். படுத்துக்கினு இருக்குது. துடிக்குது பாரு. பேராசிரியர் முகத்தைக் கடைசிவரை பார்த்தேன், உனக்கும் சேர்த்து. இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

"யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றார் விருந்தினர்.

உன் பெயரை, உன் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சொன்னேன். விருந்தினர் எழுதிக்கொண்டார். பேராசிரியர் தண்ணீர் கேட்டார்.

உன் குரல் என்னிடம் இருக்கிறது. இந்த ஒரு நூலும். இன்னும் நான் முன் இருக்கையில்தான். பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்க்கரை எடுத்துப் பலகையில் உன் பெயரை எழுதினேன், அவர் பெயருக்கு மேலே. பிறகு ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.