கடுக்காய் போடாத பை

வேலூர்,
10.1.1935

அன்பான அன்வரிக்கு,

பெருநாளுக்கு நீ கொடுத்தனுப்பிய ஷீர்குர்மா பாயசம் வந்து சேர்ந்தது. தூக்கில் பாதிதான் இருந்தது. ரயில் ஆட்டத்தில் சிந்திவிட்டதாகக் கொண்டுவந்தவர் சொன்னார். அவர் மீசையில் முந்திரித் துணுக்கு இருந்ததால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

போன வாரம் டாக்டரம்மா உன்னிடம் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். உன் மூச்சுத் திணறலுக்கு மருந்து பாதி, வெளிக்காற்றில் உடம்பு அசைவது பாதி என்றார். நீ உடனே, "எங்கம்மா நடக்கிறது? கூடத்துலேர்ந்து சமையல்கட்டுக்கா?" என்றாய். வெளியார் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் பெண்ணின் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது.

உன் தங்கை குர்ஷித்தின் தோட்டம் அமிர்தி மலையடியில்தானே? அந்தத் திராட்சைப் பந்தல் முடியும் இடத்தில் காட்டிலாகாவின் சரளைக்கல் பாதை ஆரம்பிக்கிறது. காட்டுக்குள் மதகு வரை நாலு மைல். பஸ் கிடையாது, மோட்டார் கிடையாது. மலையடிப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட ஆறு வருடமாக அதில் சைக்கிளில் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் தோல் பதனிட ஆவாரம் பட்டை ஏற்றிவரும் வேலுவின் மாட்டுவண்டியைத் தவிர எதிரே எதுவும் வந்ததில்லை. பார்க்க ஆளில்லாத பாதையில் கோஷா எதற்கு? என் சைக்கிளில் நடுக்கம்பி கிடையாது. புடவையோடு ஏறலாம். பிப்ரவரி முழுவதும் எனக்கு அங்கேதான் வேலை. குர்ஷித் வீட்டில்தான் தங்குவேன்.

நீ மாட்டேன் என்பாய். இந்த நாற்பத்தெட்டு வயதில் எனக்கு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்புள்ள
ஜெயசீலி


ஆம்பூர்,
16.1.1935

கூடப் பிறக்காத அக்காவான ஜெயசீலி ஆபாவுக்கு அன்வரியின் சலாம்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்படிப்பட்ட கடிதம் படிப்பதற்கா? சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இன்னாடி விசேஷம்?" என்று மாமியார் கேட்டார். குர்ஷித் வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது என்றேன். அந்தப் பசுவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சைக்கிளெல்லாம் வேண்டாம், ஆபா. நான் விழுந்தால் தூக்க நாலு பேர் வேண்டும். ஆனால் குர்ஷித் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வர எங்கள் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். என் மூச்சை நினைத்து அவருக்குப் பயம். வாய்விட்டுச் சொல்லமாட்டார். நான் இருமினால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும்.

மருந்துப் புட்டிகள் வைக்க ஒரு தோல் பை தைத்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் டேனரியில் பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையில் ஊறி வந்ததை, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போடக்கூடப் பொறுக்காமல், நான் ஊருக்குக் கிளம்புகிறேனே என்று அவசரமாகத் தைக்கச் சொன்னாராம். வைக்கோல் நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. "கடுக்காய் போடல, பாத்து வெச்சுக்கோ" என்றார். தண்ணீர் படக்கூடாது போலிருக்கிறது.

சைக்கிளைக் கொண்டுவர வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன். கொண்டுவந்தால் பார்க்க மட்டும் பார்க்கிறேன்.

உங்கள்
அன்வரி பேகம்


வேலூர்,
9.3.1935

அன்பான அன்வரிக்கு,

நீ ஊர்போய்ச் சேர்ந்த செய்தியை குர்ஷித் எழுதினாள். முழங்கால் காயத்துக்கு மஞ்சள் போடுவதை நிறுத்திவிடு. ஆறிய காயத்துக்கு வைத்தியம் செய்தால்தான் மாமியார் கேள்வி கேட்பார்.

வேலூருக்குத் திரும்பி வந்தால் என் வீடு வெறிச்சென்று இருக்கிறது. முதல் நாள் நீ பந்தல் காலைக் கட்டிக்கொண்டு, "ஆபா, இது நிக்கவே மாட்டேங்குது, என்னைப் போய் உக்காரச் சொல்றீங்க!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கடைசி நாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, வந்த நாலு மைலையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாய்.

எனக்கு இருக்கும் ஒரே கவலை வேலுதான். வெள்ளிக்கிழமை வர வேண்டியவன் செவ்வாய்க்கிழமை வந்து தொலைத்தான். நீ சைக்கிளோடு புதருக்குள் பாய்ந்தாய். பாய்ந்தவள் மணியிலிருந்து விரலை எடுத்திருக்கலாம். வண்டியை நிறுத்தி, "டீச்சரம்மா, பொதர்ல இன்னாது?" என்றான். "கரடி, நீ போப்பா" என்றேன். "கரடிக்கு ஏதும்மா பெல்லு?" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டைத் தட்டினான். அவன் வண்டிப் பட்டை போவது உன் கணவர் டேனரிக்கு.

வேலு சொல்வதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு. போகும் பள்ளியிலெல்லாம் பிள்ளைகளுக்கு உண்மை பேசப் பாடம் நடத்துகிறவள் நான். ஒளித்து வைப்பது எனக்கு வராது.

அன்புள்ள
ஜெயசீலி


ஆம்பூர்,
20.3.1935

ஆபா,

வேலு ஒன்றும் சொல்லவில்லை. பை சொல்லிவிட்டது.

பக்ரீத் முடிந்த மறுநாள் காலை அவர் முற்றத்தில் அந்தப் பையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"இதை எங்க மாட்டியிருந்தே?"

"குர்ஷித் வூட்டு ஆணியிலே."

"உள்ளயா?"

"உள்ளதான்."

என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். முன்பக்கம் செங்கல் மாதிரி சிவந்திருக்கிறது. பின்பக்கம் அதே வைக்கோல் நிறம். நடுவில் வார் கிடந்த இடம் கோடு கிழித்த மாதிரி வெளுப்பு. ஒரு மாதம் சைக்கிள் கைப்பிடியில் தொங்கியதை அது அப்படியே எழுதி வைத்திருக்கிறது. ஆவாரம் பட்டைத் தோலுக்குக் கடுக்காய் போடாவிட்டால் வெயில் பட்ட இடமெல்லாம் சிவக்குமாம். மாமியாரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "பாத்து வெச்சுக்கோ" என்று இவர் வெயிலைச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதம் அதைத் தண்ணீர் படாமல் காப்பாற்றியிருக்கிறேன். முப்பது வருடமாகத் தோல் வருமானத்தில் சாப்பிடுகிறேன், டேனரிக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வாலாஜாப்பேட்டை ஜவுளிக்காரர் மகளான எனக்குத் துணி வெளுப்பது தெரியும். தோல் சிவப்பது எப்படித் தெரியும்?

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளாகப் பேச்சில்லை. இன்று காலை ரயிலுக்குப் போயிருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை. உங்களோடு பழக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? சைக்கிளை விட்டுவிடலாம், ஆபா. உங்களை எப்படி விடுவது?

நான் எழுதும்வரை நீங்கள் எழுத வேண்டாம்.

அன்வரி


(அஞ்சல் அட்டை)

வேலூர்,
22.3.1935

அன்பான அன்வரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். உறையில் போடவில்லை, உன் கணவர் வஹாப் சாகிபும் படிக்கட்டும்.

பிப்ரவரி மாதம் அன்வரி அமிர்திக் காட்டுப் பாதையில் சைக்கிள் விட்டாள். யோசனை என்னுடையது, சைக்கிளும் என்னுடையது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவனிடமும் புதரில் கரடி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி எழுதக் கூடாது என்று வஹாப் சாகிப் சொன்னால் எழுதமாட்டேன். ஒன்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் நாள் பந்தலைச் சுற்றி வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள், கடைசி நாள் மதகு வரை போய்விட்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே திரும்பினாள்.

ஜெயசீலி


ஆம்பூர்,
31.3.1935

என் ஆபாவுக்கு அன்வரியின் ஆயிரம் சலாம்.

உங்கள் கார்டை போஸ்ட்மேன் படித்திருப்பார், தெருவே படித்திருக்கும். மாமியாருக்கு உருது மட்டும்தான் படிக்க வரும். அல்லாஹ் காப்பாற்றினான்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நாலு மைலா?"

"ஆமா."

"போகமட்டுமா?"

"போகமட்டும்."

"அப்ப வர நாலு. எட்டு. அந்தக் கலருக்கு எட்டுதான் சரி."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "விழுந்தியா?" என்றார். ஒன்பது தடவை என்றேன். பதினொன்று என்று உங்களுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம்.

அன்று ரயிலேறி அவர் எங்கே போனார் தெரியுமா? வேலூருக்கு, டாக்டரம்மாவிடம். பையின் சிவப்பைப் பார்த்து அவர் நினைத்தது வேறு. என் வியாதி முற்றிவிட்டது, அதை மறைத்து நான் தினமும் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் கிடந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். மூன்று நாள் பேசாதது கோபத்தில் இல்லையாம். "கேட்டா நீ நெசத்தைச் சொல்லிடுவியோன்னு பயம்" என்றார். பெருநாள் தோலெல்லாம் வந்து குவிந்திருக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். டாக்டரம்மாவோ, ஊர் திரும்பும் வழியில் நான் காட்டிவிட்டு வந்தேனே, அதை வைத்து, "முன்னைவிட இப்ப நெஞ்சு நல்லா இருக்கு. அவங்க இன்னா செஞ்சாங்களோ அதையே செய்யச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன செய்தேன் என்பதுதான் இவருக்குத் தெரியவில்லை. அதை உங்கள் கார்டு சொன்னது.

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாணவி தேறவில்லை.

நேற்று ஒரு புதுப் பை கொண்டுவந்தார். கடுக்காய் போட்டது. "இது செவக்காது. அம்மா தோல்காரர் வூட்டுப் பொண்ணு. என்னைவிட நல்லா கலரு பாப்பாங்க" என்று மாமியார் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார். பழைய பையைக் கேட்டேன், தரவில்லை. டேனரியில் அவர் உட்காரும் இடத்தில் மாட்டியிருக்கிறாராம்.

உங்கள் ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் இருவரும் குர்ஷித் வீட்டுக்கு வருகிறோம். அவர் பந்தலிலேயே இருந்துகொள்வாராம், பாதைக்கு வரமாட்டாராம். சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொண்டுவாருங்கள். மணியைக் கழற்ற வேண்டாம். அந்த வாரம் பட்டை வேண்டாம் என்று வேலுவுக்கு அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

உங்கள்
அன்வரி