நான் கத்திய ஒன்ஸ் மோர்

என் பிரியத்துக்குரிய அத்தான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் திட்டுவதற்கு அனுமதி உண்டா? இருந்தால், இதை வாசித்து முடித்ததும் இந்த மச்சினனைத் தாராளமாகத் திட்டுங்கள்.

தமிழ் பேசுகிற சீனத்துச் சண்டைப் படம் எங்கே ஓடினாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்களே. "சண்டையில ஜெயிக்கவன் ஆயிரம் பேரு இருக்கான்லே. குத்து விட்டுட்டு, ஐயோ கை வலிக்கேன்னு உதறுதான் பாரு, அவன்தான் நம்மாளு" என்பீர்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படம் எடுக்கையில் அந்த நடிகர் நிஜமாகவே தவறி விழுந்ததைக் காட்டுவார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாம் அதற்கும் சிரித்தோம்.

துறைமுகத்தில் லாரி எடை போடும் இடத்தில் நம் இருவருக்கும் ஒரே ஷிப்ட். டீ நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியோடு சண்டை போட்டு, அதனிடம் அடிவாங்கி மல்லாக்க விழுவீர்கள். வெயிலில் வெந்துபோய் வந்த டிரைவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

அன்றைக்கும் நாற்காலியைத் தூக்கினீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் கோணி, சரிந்தீர்கள். புது ஐட்டம் என்று நினைத்துவிட்டேன் அத்தான். விசிலடித்து, "ஒன்ஸ் மோர்" என்று கத்தினேன். உங்கள் கை என் பக்கம் நீண்டது. அதற்கும் கைதட்டினேன். ஒரு டிரைவர் அண்ணாச்சிதான் ஓடிவந்து, "எலே, அந்தாளு நடிக்கலடே" என்றார்.

விழுந்ததும் தூக்கிவிட்டோம் என்று டாக்டரிடம் சொன்னேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். உயிர் போகையில் நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதமாக எனக்குச் சோறு போட்டாள். வெட்கங்கெட்டுப்போய் நானும் சாப்பிட்டேன். கையை நீட்டியபோது என்ன நினைத்தீர்கள் அத்தான்?

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏலே, நீ சிரிச்சது அவியளுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் என்றேன்.

"அப்போ நல்லா நடிச்சோம்னு நெனச்சிட்டே போயிருப்பாவ."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. மன்னித்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி என் கண் முன்னால் யார் விழுந்தாலும், நடிப்போ நிஜமோ, முதலில் ஓடிப்போய்த் தூக்குவேன். சிரிப்பதெல்லாம் அப்புறம். இது உங்களுக்கு நான் கொடுக்கிற சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
அந்தோணி