பூசணிக்கொடிக்கு முடி வெட்டினேன்

மார்ச் 3, திங்கள்

கடை விடுமுறை. வாரம் முழுக்க அடுத்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு பேசியே பழகிய வாய் இது. திங்கட்கிழமை வந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. காலையிலிருந்து நான் பேசிய ஒரே ஆள் சிலிண்டர் போட வந்த பையன். "கிருதா ஒரு பக்கம் மேல ஏறியிருக்கே தம்பி, யார் வெட்டினது, எதிரியா?" என்று கேட்டேன். சிரிக்காமல் போய்விட்டான். அதனால்தான் ஷாம்பு கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரியில் எழுதுகிறேன். இதுவும் சிரிக்காது. ஆனால் எழுந்து போகாது.

மாடிப்படியில் நர்சம்மா பிடித்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் தோட்டக் கிளப்புக்கு அவர்தான் ராணி, மந்திரி, காவல்காரர் எல்லாம்.

"உங்க வீட்டம்மா பாத்தி வாடுது. ரெண்டு சனிக்கிழமையா யாரும் எட்டிப் பாக்கல. மூணாவதும் வரலன்னா அது இங்க வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் போயிடும். நான் போட்ட சட்டம் இல்ல, எல்லாரும் சேந்து போட்டது."

மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாட்டுக்கு விமானம் ஏறியபோது, பக்கத்து வீட்டுக்காரியிடம் பாத்தியை ஒப்படைத்துவிட்டுப் போனாள் இவள். என்னிடம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரி போன மாதம் வீடு மாறிவிட்டாள்.

"வந்துடறேன் நர்சம்மா. ஊசியைக் கீழ வைங்க" என்றேன்.

அவள் திரும்பி வரும்போது பாத்தி இருக்க வேண்டும். அதுவும் போய்விட்டால் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். சரி. அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

மார்ச் 8, சனி

சனிக்கிழமை கடையில் கூட்டம் அலைமோதும். ஆகவே விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டேன். இளசுகள் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், சனிக்கிழமை தோறும் வருவார்களாம். எல்லோருக்கும் சேர்த்து இரண்டே பாத்தி. ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கொத்துகிறார்கள்.

அதில் ஒருத்தி தடிக் கண்ணாடி போட்ட பெண். அவள்தான் மேஸ்திரி. வணக்கமெல்லாம் கிடையாது.

"மாமா, இந்தப் பாத்தி எங்களுக்கு வேணும். நல்லா வெயில் விழுற இடம்."

"அதுக்கு நான் சாகணுமாம்மா?"

"வேணாம். மூணு சனிக்கிழமை வராம இருந்தா போதும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. வாய்க்கு வாய் கொடுக்க இந்த வீட்டில் ஆள் இல்லாமல் எத்தனை நாள்! அவளுக்குக் கண்ணாடி என்றும், கூட நின்ற ஒல்லியான உயரப் பையனுக்கு ஏணி என்றும் பெயர் வைத்துவிட்டேன். ஏணிக்குத் தலைமுடி தேன்கூடு மாதிரி இருக்கிறது. கை துறுதுறுத்தது.

இவள் போட்டுவிட்டுப் போனது பூசணி. கொடி பாத்தியைத் தாண்டி வழியில் படுத்திருந்தது. நாலைந்து மஞ்சள் பூ. காய் வந்தாச்சா என்று கண்ணாடியைக் கேட்டேன்.

"இப்ப வர்ற பூவெல்லாம் காய்க்காது மாமா" என்றாள். அதற்குள் ஏணி எங்கோ குழாயைப் பிடுங்கித் தன் மேலேயே பீய்ச்சிக்கொண்டான். அவள் திட்டிக்கொண்டே ஓடினாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை பரீட்சையாம், வரமாட்டார்களாம். நல்லது. பாத்திக்கு ஆபத்து இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

போன் வந்தது. பேத்திக்குச் சளி. குழந்தை இருமியது கேட்டது, இவள் பேசியது சரியாகக் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

காய்க்காத பூ எதற்குக் கொடியில்? தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் ஜாதி. உற்றுப் பார்த்தால் நீளக் காம்பில் கழுத்தை நீட்டிக்கொண்டு, அடியில் ஒன்றுமே இல்லாமல் நிற்கிறது. பழைய கத்தரிக்கோலை எடுத்துப்போய் ஒன்று விடாமல் வெட்டினேன். அப்படியே ஓர ஓரமாகக் கொடிக்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். நர்சம்மா பார்த்துவிட்டு, "தோட்டத்துலேயே உங்க பாத்திதான் சுத்தம்" என்றார். பின்னே? தொழில்காரன் கை.

பூக்களை டம்ளரில் போட்டுக் கடைக் கண்ணாடி முன்னால் வைத்தேன். முதலாளி, "என்னண்ணே, பொண்டாட்டி வர்றாளா?" என்றார்.

"ஏப்ரல் கடைசியில" என்றேன். அப்படித்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

மறுபடி பூத்திருக்கிறது. மறுபடி வெட்டினேன்.

மார்ச் 19, புதன்

பிஞ்சு! கோலிக்குண்டு அளவு, பச்சையாக, மூக்கில் மொட்டோடு. மூன்று இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். தோட்டத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைக்கு முதலில் வந்த ஆளிடம் சொன்னேன். "ஓ" என்றான். கழுத்துத் துணியைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

அவளுக்குப் போன் போட்டேன். நானாகப் போட்டால் பெரும்பாலும் எடுக்க மாட்டாள், குழந்தை தூங்கும். இன்று எடுத்தாள். "நெசமாவா? நீங்களா வளத்தீங்க?" என்றாள். "நான் வர்றப்ப ஒண்ணாவது பெரிசாகியிருக்கும்ல?"

வர்றப்ப. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினேன். இன்று கடையில் நான் அறுத்த அறுவையில் இரண்டு பேர் முடி வெட்டி முடிந்தும் எழுந்து போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையோ?

மார்ச் 27, வியாழன்

மூணும் போச்சு. தொட்டா கையோட வருது. என்ன பண்ணேன் நான்? தினம் போறேன், தண்ணி ஊத்தறேன், ஒரு களை விடறதில்ல, அந்தச் சோம்பேறிப் பூவையெல்லாம் ஒண்ணு விடாம வெட்டித்தான் போடறேன் — இன்னும் என்ன வேணும் அதுக்கு? அவ கை பட்டா வருது. என் கை பட்டா அழுகுது. அவ்வளவுதானா?

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 29, சனி

பரீட்சை முடிந்து இளசுகள் வந்துவிட்டார்கள். கண்ணாடி என் பாத்தியைப் பார்த்ததும் குனிந்தாள். கொடியைப் புரட்டினாள். நிமிர்ந்தாள்.

"மாமா, ஆண் பூவெல்லாம் எங்க?"

"என்ன பூ?"

"நீளக் காம்போட மஞ்சளா இருக்குமே."

"அதுவா? வெட்டிட்டேன். தினமும் வெட்டறேன். நீதானேம்மா காய்க்காதுன்னு சொன்ன?"

"காய்க்காது மாமா. அது அப்பா பூ. அதுல இருக்கற தூள் பெண் பூவுல ஒட்டினாத்தான் பிஞ்சு நிக்கும். இல்லன்னா அழுகி விழுந்துடும்."

ஏணி தரையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா கொடிக்குக் கட்டிங் போட்டுட்டாரு டோய்!" என்று ஒரு கத்தல். அதன் பிறகு ஒருத்தராலும் நிற்க முடியவில்லை. ஒருத்தன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஷேவிங் பண்ணினீங்களா, மசாஜ் உண்டா என்று கேள்விகள். நானும் சிரித்தேன். என்னை மாதிரி ஒருத்தன் இப்படி மாட்டியிருந்தால் நான் ஒரு வருஷம் அதை வைத்தே ஓட்டியிருப்பேன்.

நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியவர் அவர்தானே.

கடையில் டம்ளரில் நேற்று வெட்டிய பூ தொங்கிக்கொண்டிருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. இவனையும் தண்டச்சோறு என்றுதானே நினைத்தேன். இவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், நல்ல மூடில் இருக்கும்போது. கேட்டு எத்தனையோ நாளாகிறது.

ஏப்ரல் 2, புதன்

காலையில் கதவை யாரோ தட்டினார்கள். இந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆள் ஏது? திறந்தால் கண்ணாடியும் ஏணியும். ஏணி கையில் அவர்கள் பாத்தியிலிருந்து பறித்த இரண்டு பூ.

"சீக்கிரம் வாங்க மாமா. உங்க கொடியில ரெண்டு பெண் பூ விரிஞ்சிருக்கு. காலையில மட்டும்தான். வெயில் ஏறினா மூடிக்கும்."

"எங்க கொடியிலேயே ஆம்பளை இல்லையா?"

"நீங்க மிச்சம் வச்சாத்தானே? மொட்டுதான் இருக்கு, விரிய நாளாகும்."

லுங்கியோடு போனேன். இதழைக் கிழித்து எறிந்துவிட்டு நடுவில் இருக்கிற மஞ்சள் குச்சியால் பெண் பூவுக்குள் மெல்லத் தடவ வேண்டும். ஏணி செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. வாங்கி நானே செய்தேன். ஷேவ் முடிந்து பவுடர் ஒற்றுகிற கை இது. கண்ணாடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "பரவால்லையே" என்றாள்.

"எங்க பாத்தியைப் பிடுங்கப் பாத்தவ, எனக்கு எதுக்கும்மா வேலை செய்யற?"

"பாத்தி வேணும்தான். அதுக்காகப் பூவைச் சாகவிட முடியுமா?"

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று வீடியோவில் பேசலாம் என்று சொல்லியிருந்தாள். பூசணியைக் காட்டுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். எங்கள் கொடியில் தடவி விட்டது இரண்டும் நிற்கிற மாதிரித் தெரிகிறது, ஆனால் நெல்லிக்காய் அளவுதான். அவளுக்குப் பெரிசாகச் சொல்லி வைத்தாயிற்று. என்ன செய்வேன்? இளசுகளின் பாத்திக்குப் போய், அங்கே கொழுகொழுவென்று கிடந்த பூசணிக்கு எதிரே போனை நீட்டினேன்.

அவள் பார்த்தாள். "பின்னாடி தண்ணித் தொட்டி தெரியுது" என்றாள். "என் பாத்திக்கும் தண்ணித் தொட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?"

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கத்தரிக்கோல் உட்பட. சிரித்தாள். குழந்தை எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் கோமாளித்தனம் செய்துகொண்டே போனேன். நிறுத்த மனசில்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும். நம்ம பொண்ணு அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பறா. குழந்தையை யார்கிட்ட விடறது? இன்னும் ஒரு வருஷமாவது இருக்க வேண்டி வரும் போல. மாப்பிள்ளை டிக்கெட்டை மாத்திட்டாரு."

மாத்திட்டாரு. மாற்றப் போகிறார் இல்லை.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றது?" என்றாள். "இங்க எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. பொய் சொல்லல" என்றாள். பிறகு, "அந்தப் பாத்தியை நீங்க கட்டி அழ வேணாம். பாவம், அந்தப் பிள்ளைங்களுக்கே குடுத்துடுங்க."

சரி என்று சொன்னேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

விடுமுறை. யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 12, சனி

தோட்டத்துக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம். வாய் மட்டும் ஓடவில்லை. முதலாளி இரண்டு முறை, "உடம்பு சரியில்லையாண்ணே?" என்றார்.

மத்தியானம் ஏணி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடி வாசலில் நின்றாள், பெண்களுக்கு இங்கே வேலை இல்லையென்பது போல. அந்தத் தேன்கூட்டுத் தலை என் கைக்கு வந்தும் எனக்கு ஒரு கேலி தோன்றவில்லை.

"பாத்தியை நீங்களே எடுத்துக்குங்க" என்றேன் வாசலைப் பார்த்து. "அவ வரலை."

கண்ணாடி ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "சரி. அப்ப நாளைக்கே கொடியைப் பிடுங்கிடறோம். மிளகாய் நாத்து முத்திப் போகுது."

கத்தரியை நிறுத்தினேன். "பிடுங்கவா? பிஞ்சு நிக்குதும்மா அதுல!"

"ரெண்டுதானே மாமா."

"ரெண்டுன்னா? நீயும் நானும் லுங்கியோட நின்னு பிடிச்ச பிஞ்சு! பூவைச் சாகவிட முடியுமான்னு கேட்டவ நீ! மனுஷியா நீ?"

"நான் லுங்கி கட்டல மாமா" என்றாள். ஏணி நாற்காலியில் குலுங்கினான், காது தப்பியது பெரிய விஷயம். கடையே திரும்பிப் பார்த்தது. "பிடுங்கக் கூடாதுன்னா வந்து காவல் இருங்க. எங்களுக்குத் தினம் தண்ணி ஊத்த ஆள் இல்ல. ஆனா பாத்தி எங்களோடது. சொன்ன பேச்சு கேக்கணும். கத்தரிக்கோல் கொண்டு வரக் கூடாது."

வேலைக்கு எடுக்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏணிக்கு ஒரு பக்கம் கிருதா கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. என் தப்புதான்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் தண்ணீர் ஊற்றினேன். கொடிக்கு நிறைய, ஓரத்தில் நட்ட மிளகாய்க்கு அளவாக. சொல்லிக் கொடுத்தபடி.

மே 3, சனி

இன்று எரு வந்து இறங்கியது. ஒரு வண்டி நிறைய. எல்லாப் பாத்திக்கும் பங்கு போட வேண்டும். என்னைப் பூசணிக் காவல்காரன் வேலையிலிருந்து கூடை சுமக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஏணியும் நானும் போட்டி போட்டுச் சுமந்தோம். தோற்றுப்போனேன், ஆனால் அவன் ஏமாற்றினான் என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டேன். கண்ணாடிக்குக் கோபம், எரு வழியெல்லாம் சிந்தியிருக்கிறதாம். நர்சம்மா டீ போட்டுக் கொண்டுவந்தார், முதல் தடவையாக.

நடுவில் போன் அடித்தது. சட்டைப் பையில்தான் இருந்தது, கை முழுக்க எரு. மணிக்கட்டால் தட்டி எடுத்தேன்.

"என்னங்க, இவ்வளவு சத்தம்? யார் அங்க சிரிக்கறது?" என்றாள்.

"எரு இறங்கியிருக்கு. அப்புறமா கூப்பிடறேன்" என்றேன்.

கடைக்குத் தாமதம். முதலாளி திட்டினார். பொழுது சாயும்வரை நாற்காலி காலியாகவே இல்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினேன், நகத்தில் போகவில்லை. சாப்பிட்டேன். வீடு எப்போதும் போல அமைதியாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் அவளைக் கூப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அங்கே இந்நேரம் தூங்கியிருப்பார்கள். குழந்தை எழுந்துவிடும்.

நாளைக்குக் கூப்பிட வேண்டும்.