உன் ஒரு நாள் கூலியில் சமைத்த வாரம்

பகோலோட்,
தவக்காலத்து மூன்றாம் வெள்ளி, 1994

அன்புள்ள எலிசேயோவுக்கு,

உன் அடெல்ஃபா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் உன் அக்காவும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். சின்னவனின் இருமல் நின்றதா? நிற்காவிட்டால் ஓமவல்லி இலையைப் பிழிந்து கொடுக்கச் சொல். நீ உன் பங்குக்கு அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனியில் சுற்றாதே.

வீட்டார் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது இதை எழுதுகிறேன். நாளை லாரி ஓட்டி வரும் படோங் கொண்டுவந்து தருவான். கரும்பு வெட்டும் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கூலியை உயர்த்தச் சொல்லி முதலாளியைக் கேட்கப்போவது திங்கட்கிழமைதானே? அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும். எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீயே யோசித்துப் பார்.

போன ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார், வசதியுள்ள குடும்பங்கள் ஒரு வாரம் ஏழைகளைப் போலச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கோயில் உண்டியலில் போடச் சொன்னார். ஏழைகளின் கஷ்டம் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். நம் முதலாளியம்மா சென்யோரா கொன்ச்சிதா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நேரே அடுக்களைக்கு வந்து, "உன் புருஷனுக்கு என்ன கூலி, அடெல்ஃபா?" என்று கேட்டார். சொன்னேன். "அது ஒரு மணி நேரத்துக்கா?" என்றார். ஒரு நாளைக்கு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷமாக அவர் வீட்டில் சமைக்கிறேன், இதுவரை கேட்டதில்லை. தெரிந்தே கேட்காமல் இருந்தவர் இல்லை அவர். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திங்களிலிருந்து உன் ஒரு நாள் கூலி எவ்வளவோ அவ்வளவுதான் சந்தைக்குக் கிடைத்தது. முதலாளி, சென்யோரா, இரண்டு பெண்கள், ஆக நான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. எனக்கு இது என்ன புதுசா? மட்டமான அரிசி, கருவாடு, முருங்கைக்கீரை போட்ட பச்சைப்பயறு. செவ்வாயன்று துவரையும் பலாப்பிஞ்சும் சேர்த்து, பத்துவான் காயைப் போட்டுப் புளிப்பாக வைத்தேன். பன்றிக்கறி இல்லாமலே பெரிய பெண் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரே பெருமை. நீ சிரிப்பாய், சிரி.

அன்று மாலை சென்யோராவுக்குத் தலைசுற்றல். நொறுக்குத்தீனியும் காப்பியும் நின்றுபோனதால் வந்தது. மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "எப்படித்தான் உயிரோட இருக்காங்க இவங்கல்லாம்!" என்று அழுதார். 'இவங்க' என்றது நம்மைத்தான். "பழகிடும் சென்யோரா" என்றேன். நான் அவருக்கு ஆறுதல் சொல்கிறேன் பார்! ஆனால் அந்த அழுகை பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

புதன்கிழமை இன்னொரு கூத்து. அடுக்களைக்கு வந்து தயங்கித் தயங்கி, "அடெல்ஃபா, கொஞ்சம் சுமாரா சமையேன். நீ வைக்கிறது ரொம்ப நல்லாருக்கு. எங்களுக்குக் கஷ்டமே தெரிய மாட்டேங்குது" என்றார். சுமாராகச் சமைப்பது எப்படி என்று யாரைப் போய்க் கேட்பேன்? உப்பைக் குறைத்துப் போட்டேன். சின்னப் பெண் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சோயா சாஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நேற்று மதியம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதலாளி சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டே, "பாத்தியா கொன்ச்சிதா? அவன் ஒரு நாள் கூலியில நாலு பேரு மூணு வேளையும் வயிறு நெறையத் தின்னாச்சு. இன்னும் எதுக்கு ஏத்திக் கேக்குறானுங்க? திங்கக்கிழமை வரட்டும், என் வீட்டுச் சாப்பாட்டையே சாட்சி சொல்றேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கெட்டிக்காரி நீ! உன் கைமணம் யாருக்கு வரும்?" என்றார். நான் சிரித்தேன், எலிசேயோ. நன்றியும் சொன்னேன். அடுக்களைக்குத் தட்டுகளை எடுத்துப்போன பிறகுதான் அவர் சொன்னதன் பொருள் உறைத்தது. உங்கள் கூலிக்குக் குழி பறித்தது என் கை.

இன்று காலை ஒரு பிடி உப்பை அள்ளிப் பயற்றுச் சட்டிக்கு மேலே கையை நீட்டினேன். வாயில் வைக்க முடியாதபடி கெடுத்துவிடலாம் என்று. கை கேட்கவில்லை. சோற்றைப் பாழாக்க எனக்கு வராது.

இன்னொன்று உன்னிடம் சொல்லவில்லை. கோபப்படாதே. அந்தக் கணக்கில் நான் இல்லை. நான்கு பேர் என்று சென்யோரா சொன்னபோது அவர் என்னை எண்ணவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான்கு தட்டுக்குப் பரிமாறினால் சட்டி காலி. அடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றைச் சுரண்டி, உப்புநீர் விட்டுத் தின்றேன். ஒரு வாரம்தானே, தவக்காலம்தானே என்று இருந்துவிட்டேன். யாரும் என்னைப் பட்டினி போடவில்லை. பற்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. அடுப்பு எரித்த வாயுவும் தோட்டத்துக் கீரையும்கூட அந்தக் கூலியில் வாங்கியது இல்லை.

நேற்று முதலாளி அப்படிச் சொன்ன பிறகு, சென்யோரா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நான் சட்டியும் கரண்டியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். "அட, நீ இன்னும் சாப்பிடலையா?" என்றார். "ஆச்சு சென்யோரா" என்றேன். கையில் சட்டியை வைத்துக்கொண்டு! ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், விளங்கவில்லை. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இனி நானாகப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

திங்கட்கிழமை நீ இதைச் சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தது என்று முதலாளிக்குத் தெரிந்துபோகும். என் வேலை போகலாம். பெரியவளின் பள்ளிக்கூடச் செலவு இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது. சொல்லாவிட்டால் உங்கள் எல்லோருடைய கூலியும் அப்படியே நிற்கும். காலையில் சொல்லட்டும் என்று தோன்றுகிறது, மதியம் ஐயோ வேண்டாம் என்று தோன்றுகிறது. இரண்டு தடவை இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு எழுதினேன்.

இனிக் கிழிக்கமாட்டேன். படோங் வண்டி எடுத்துவிட்டால் திரும்பி வாங்கவும் முடியாது. மாதா உனக்குத் துணை இருப்பாள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போ, தரையைப் பார்த்து நிற்காதே. நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம் என்று அவர் சொல்லும்போது, சமைத்தவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுவிடு.

உன்
அடெல்ஃபா