செத்த ரேமுக்கு எண்ணூறு ரூபாய்

உன் பையைத் திறந்ததும் முதலில் வந்தது அழிரப்பர் வாசனை, பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் அடிக்குமே, அது. உன் மனைவிதான் பையை என்னிடம் நீட்டினாள். "அண்ணா, இதெல்லாம் எனக்கு என்னன்னே தெரியாதுங்க. உங்களுக்கு ஆகறத எடுத்துக்கோங்க" என்றாள். ஸ்க்ரூடிரைவர்கள், இரண்டு பென்டிரைவ், பாதி தேய்ந்த ரப்பர். பக்கவாட்டு ஜிப்புக்குள் அந்த ரேம், கம்ப்யூட்டருக்குள் செருகும் மெமரி அட்டை, ஓரத்தில் நீ அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நெயில் பாலிஷோடு. நாம் சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில் தொடங்கிய வருஷமே செத்துப்போன ரேம்.

இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசவேண்டுமாம். அதற்கு நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

கடையில் கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். அதியமான்கோட்டையிலிருந்து ஒரே வண்டியில் இண்டூர் போவோம். நீ பெட்டியைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கும் ரேமை உருவி, அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவாய். திரை எரியும். கூலி கேட்டால் அரிசி மண்டிக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.

"ஒண்ணும் மாத்தலயேங்க. ரப்பர்ல தேச்சதுக்கா காசு?"

பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்குப் பையில் கை போகும். எங்கே தேய்க்கவேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதற்கு ஒரு டீ. அதுவும் ஆறிப்போன டீ.

நான் ஒரு ரேட் அட்டை அடித்தேன். வந்து பார்க்க முந்நூறு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு இருநூறு. நீ அதைப் படித்துவிட்டுச் சிரித்தாய். "நாம என்ன டாக்டரா? இதக் காட்டுனா டீயும் போயிரும் மாப்ள."

அடுத்த வாரம் பாப்பாரப்பட்டி ஜவுளிக்கடையில் உன் வித்தையைக் காட்டினாய். பில் போடும் சாஃப்ட்வேர் சிக்கிக்கொண்டிருந்தது. அரை மணியில் சரிசெய்தாய். பிறகு பையிலிருந்து அந்தச் சிவப்பு ரேமை எடுத்து மேசையில் வைத்தாய். "இது போயிருச்சுங்கண்ணா. நம்மகிட்ட ஒண்ணு இருந்துச்சு, போட்டு வுட்டுட்டேன். எண்ணூறு குடுங்க." அவர் முனகாமல் கொடுத்தார். நீ ரேமைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாய். அதே ரேம் அப்புறம் ஒன்பது கடைகளில் செத்தது. பாதிப் பங்கை வாங்கிக்கொண்ட என் மூஞ்சியும் அவ்வளவு லட்சணம்தான்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தினேன். "பொய்க்கு எண்ணூறு வாங்கிப் பழகிட்டா, வேலைக்கு முந்நூறு எப்பிடிடா கேக்கறது?"

"உண்மையச் சொன்னா அவங்களுக்கு மனசு வராது மாப்ள. நான் ஒரு சாக்கு குடுக்கறேன். அவ்ளோதான்."

அன்றோடு பிரிந்தோம். கடைகள் எல்லாம் உன்னோடு போயின. எனக்கு மிஞ்சியது இரண்டு கடையும் ஒரு கட்டு ரேட் அட்டையும். பேசாமலே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள்.

உன் காரியத்தன்று பந்தியில் மண்டிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நல்ல மனுசன். ஒரே ரேம ஊரு பூரா போக வச்சாரு" என்றார். எதிர்வரிசையில் ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியுமாங்க?"

"ஓரத்துல செவப்பு இருக்குதேங்க. கடை வச்சிருக்கறவனுக்கு அதுகூடவா தெரியாது? தெரிஞ்சுதான் குடுத்தோம். பாவம், பொழைக்கட்டும்னு." சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

நீ அவர்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்தாய். அவர்கள் உனக்குப் பிச்சை போட்டதாக நினைத்தார்கள். அத்தனை வருஷத்தில் உன் வேலைக்கு ஒருவன்கூட ஒரு ரூபாய் கொடுக்கவில்லையடா, முட்டாளே. இது தெரியாமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதிமேல் கோபமும் வருகிறது.

இப்போது அந்தக் கடைக்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் கேட்கிறார்கள். இந்தக் கடைகள் என் கட்டணத்தைக் கொடுத்தால் இங்கே இருப்பேன், இல்லையென்றால் அங்கே போய் வருகை அட்டை தேய்ப்பேன் என்று முடிவு செய்துகொண்டுதான் போன திங்கட்கிழமை மண்டிக்குப் போனேன். அதே கோளாறு. உன் ரப்பரால்தான் தேய்த்தேன். திரை எரிந்தது.

"என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலைங்க. தேச்சேன். முந்நூறு குடுங்க."

அவர் என் தோளில் இருந்த உன் பையைப் பார்த்தார். கூச்சத்தோடு கேட்டார். "அந்தச் செவப்பு ரேம் உங்ககிட்டதான இருக்குது? அத எடுத்து இப்பிடி வைங்களேன். எண்ணூறாவே தந்தர்றேன்."

"முந்நூறு போதுங்க."

மனுஷர் கல்லாவைத் திறந்து, யோசித்து, நூறு ரூபாயை நீட்டினார். அதை அவர் மேசையிலேயே வைத்து, மேலே என் ரேட் அட்டையை வைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. ஓசூருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

உன் ரேமைத் தூக்கிப் போட எத்தனையோ குப்பைத்தொட்டி ஓரம் வண்டியை நிறுத்தியாயிற்று. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஜிப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். திட்டுவதற்கு நீ இல்லாதது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு கடையிலும் "என்ன மாத்துனீங்க?" என்று கேட்கும்போது என் கை தானாக அந்த ஜிப்புக்குப் போகிறது. பாதி வழியில் இழுத்துக்கொள்கிறேன். இதுவரை இழுத்துக்கொண்டிருக்கிறேன், மாப்ள.