ஏழாம் எண் கட்டட முற்றத்தில் கூடாரம் நிற்க ஒரு வட்ட இடம்

அனுப்புநர்
மீரிம், த/பெ. தொக்தோசுன்,
7ஆம் எண் கட்டடம், நான்காம் மாடி,
கோக்-தெரெக் குடியிருப்பு,
பிஷ்கெக்.

பெறுநர்
தலைமைக் கட்டடக் கலைஞர் அவர்கள்,
குடியிருப்பு மறுவடிவமைப்புப் பிரிவு,
பிஷ்கெக்.

பொருள்: தொற்றுக்காலத்துக்குப் பின் மாற்றியமைக்கப்பட்ட எங்கள் முற்றத்தில் இறப்பு நேர்ந்தால் கம்பளிக் கூடாரம் போட இடமில்லாமை – நடுவிலுள்ள சிமெண்ட் பூப்பெட்டிகளை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்து, குடியிருப்போரின் கையொப்பங்கள் இல்லை என்று திருப்பப்பட்ட மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை படித்த முதல் ஆள் நான். அதனால் கட்டடத்தில் யாருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு நேரில் பேச வராது. தங்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். ஆகவே மீண்டும் எழுதுகிறேன்.

2. தங்கள் திட்டத்தில் குறை மட்டுமே காண்பதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் கதவை ஒட்டிக் கைகழுவும் தொட்டி வைத்துக் கொடுத்தீர்கள், நல்ல ஏற்பாடு. பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு சிறு அறை ஆக்கினீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வேலையை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். இந்த மனுவும் அங்கே உட்கார்ந்து எழுதியதே.

3. குறை முற்றத்தைப் பற்றியது. மக்கள் கூட்டம் சேராமல் இருப்பதற்காக, இடுப்பளவு சிமெண்ட் பெட்டிகளைத் தரையோடு பூசி, முற்றத்தைச் சிறு சிறு தடுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் இருவர் உட்கார ஒரு பெஞ்சு. பெட்டிகளில் சாமந்தி நன்றாகவே பூத்திருக்கிறது.

4. வேலை தொடங்குமுன் தங்கள் வடிவமைப்பாளர் வந்து முற்றத்தில் கூட்டம் நடத்தினார். வரைபடம் காட்டினார். கார் நிறுத்துவது பற்றி, ஊஞ்சல் பற்றி, கம்பளம் தட்டும் கம்பி பற்றியெல்லாம் குடியிருப்போர் கேட்டார்கள். கூடாரம் எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம், முன்வரிசையில் என் தந்தை உட்கார்ந்திருந்தார். டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். 2020 ஜூலையில் வந்த நோயில் நுரையீரல் கெட்டு, அன்றுதான் மீண்டும் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவர் எதிரில் சாவுக் கூடாரத்தைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்? யாரிடமும் வாயடங்காத முதல் மாடி சலாமத் பெரியம்மாகூட, "தம்பி, நாலு பேரு சேந்து உக்கார எடம் விட்டிருக்கியா?" என்று மட்டுமே கேட்டார். "நாலு பேரு எதுக்கும்மா? ரெண்டு ரெண்டு பேரா தள்ளித் தள்ளி உக்காருங்க. இனிமே அதான் நல்லது" என்றார் வடிவமைப்பாளர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காததை அவர் எப்படி வரைவார்? எல்லோரும் சம்மதக் கையொப்பம் போட்டோம்.

5. சென்ற மாதம் மூன்றாம் மாடி குபானிச் மாமா காலமானார். நாரின் மலைப்பக்கத்திலிருந்து உறவினர் வந்து சேரும்வரை அவரைக் கூடாரத்தில் கிடத்த வேண்டும். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும், ஆண்கள் வாசலில் நின்று அழுதபடி, வருபவர்களை எதிர்கொள்ள வேண்டும். இது தாங்கள் அறியாததல்ல. கூடாரத்தின் மரச்சட்டத்தை எந்தப் பக்கம் விரித்தாலும் பெட்டியில் இடித்தது. ஆண்கள் கடப்பாரை கொண்டுவந்தார்கள். அரசாங்கச் சொத்து, வழக்கு வரும் என்று ஒருவர் தடுத்தார். கடைசியில் கட்டடத்துக்குப் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே கூடாரம் நின்றது. "காலமெல்லாம் சட்டையில ஒரு கறை படவிடமாட்டாரு. அவரக் கொண்டாந்து குப்பைத்தொட்டிகிட்ட போட்டுட்டோமே" என்று அவர் மனைவி ஜிபெக் அத்தை ஒப்பாரியிலேயே வைத்து அழுதார்.

6. மறுநாள் காலை குப்பை லாரி வந்தது. ஓட்டுநர் கூடாரத்தைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்தார். இறந்தவர் யாரென்றே தெரியாது; ஆனாலும் முறைப்படி வாய்விட்டு அழுதபடி நடந்து வந்து, வாசலில் நின்ற ஆண்களைக் கட்டிக்கொண்டார். தேநீர் குடித்தார். பிறகு வெகுநேரம் தொட்டிகளையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேணாம்ணே, சத்தம் கேக்கும்" என்று சொல்லி வெறும் லாரியோடு போய்விட்டார். அந்த வெயிலில், நிரம்பிய தொட்டிகளின் நாற்றத்தோடுதான் குபானிச் மாமாவை வழியனுப்பினோம்.

7. இதையெல்லாம் என் தந்தை மேலே கண்ணாடி அறையிலிருந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது சிரித்தார். "எனக்கு இந்த ரூமே போதும்மா. உன் கம்ப்யூட்டர மட்டும் எடுத்துரு. வர்றவங்களுக்கு வாசல்லயே கை கழுவ எடமும் இருக்கு" என்றார். தேநீரை மேசையில் வைத்தேன். என் தாயார் அதே 2020 ஜூலையில் இறந்தார். மருத்துவமனையிலிருந்து நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூடாரம் இல்லை, ஒப்பாரி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வெள்ளை உடை போட்டவர்கள் குழியை மூடுவதைப் பார்த்தோம். அன்று அதற்கு நோய் காரணமாக இருந்தது. இப்போது நோய் போய்விட்டது, பெட்டிகள் இருக்கின்றன.

8. கையொப்பங்கள் பற்றி: பாதிக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டால்தான் மனுவை ஏற்போம் என்று திருப்பினீர்கள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் உள்ளே கூப்பிட்டார்கள், ரொட்டியும் ஜாமும் வைத்தார்கள், மனுவைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் கையெழுத்திடவில்லை. "எடம் வேணும்டி, வேணாம்னா சொல்றேன்? ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டா உங்கப்பனுக்கு நாள் குறிச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு அவன் மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்றார் சலாமத் பெரியம்மா. ஜிபெக் அத்தை பேனாவைக் கையில் எடுத்து, பிறகு கீழே வைத்துவிட்டார். தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, "அப்ப சம்பவம் நடந்தப்புறம் எழுதிக் குடும்மா, முப்பது நாள்ல பதில் வரும்" என்றார்கள். கூடாரம் அத்தனை நாள் காத்திருக்காது, ஐயா.

9. வரும் குளிர்காலத்தைப் பற்றி மருத்துவர் என்னிடம் தனியாகப் பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். பெற்ற மகளே இப்படி ஒரு மனு எழுதலாமா என்று ஊரார் கேட்கக்கூடும். வேறு யாரும் எழுத முடியாது என்பதால் எழுதினேன்.

10. எனவே, முற்றத்தின் நடுவில் கூடாரம் நிற்கும் அளவுக்கு, குறுக்கே ஆறு மீட்டர் உள்ள ஒரு வட்டத்தில் மட்டும் பெட்டிகளை எடுத்துவிட அனுமதி தர வேண்டுகிறேன். செலவு வேண்டாம், எங்கள் ஆட்களே பெயர்த்து, சாமந்திகளை ஓரத்தில் நட்டுவிடுவார்கள். மற்றத் தடுப்புகளும் பெஞ்சுகளும் அப்படியே இருக்கட்டும். இனி மற்றக் கட்டடங்களுக்கு வரையும்போதும் இப்படி ஒரு வட்டம் விட்டுவையுங்கள். அதற்குப் பெயர் எதுவும் எழுத வேண்டாம், கூட்டத்தில் விளக்கவும் வேண்டாம். வெறுமையாக விட்டாலே போதும். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்க மாட்டோம்.

இந்த மனுவை ஒரே கையொப்பத்தோடு ஏற்று, பனி விழுமுன் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பிஷ்கெக்
நாள்: 11.10.2022

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மீரிம்

குறிப்பு: பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். தபாலை என் தந்தைதான் பிரிக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அச்செழுத்தில் அவர் படிக்க வேண்டாம். அனுமதி என்றால், ஒரு நாள் காலையில் தங்கள் ஆள் ஒருவரை அனுப்பி, பெட்டிகளை எடுக்கலாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லச் சொல்லுங்கள். என் தந்தை கேட்டால், ஊஞ்சல் வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.