பெரிய பிள்ளைகள் நடக்கும் தெரு

1975 மார்ச் 3, திங்கள்

இன்றும் ஒரு வீடு இல்லை என்றாயிற்று. நான் தங்கியிருக்கும் விடுதிக்குப் பின்புறத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அதற்கே வீட்டுக்கார அம்மா வாசலை விட்டு நகராமல் கேட்டாள்: "ஆம்பள யாரு?"

அப்பா இருக்கிறார், ஊரில் இருக்கிறார் என்றேன்.

"அப்ப அவிய வரட்டும்."

கதவு சாத்தின பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு நின்றேன்?

ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். காலையில் குட்மார்னிங் சார், மாலையில் வாரேன் சார். இடையில் கப்பல் பெயர்களை டைப் அடிக்கிறேன். இன்று முழுக்க நான் பேசியதை எண்ணினால் அந்த அம்மாவிடம் பேசியதுதான் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். தங்கச்சி பிலோமினா எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஊர்ப் பள்ளியில் அதற்கு மேல் இல்லை. எனக்குக் கிடைத்த போர்டிங் இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஜூனுக்குள் டவுனில் வீடு பிடித்து அவளை என்னோடு வைத்துக்கொள்ளாவிட்டால், அம்மா அவளை வலை பின்ன உட்கார்த்தி விடுவாள். அப்புறம் கல்யாணம்.

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒருத்தி படிச்சா. படிச்சுப்புட்டு வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டக்கா. இன்னொருத்தியும் அப்பிடி ஆகணுமாக்கும்."

அப்பா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். "வீடு பாக்கட்டும். அப்பறம் பேசுவோம்" என்றார்.

"வீடு கெடக்கு. வயசுக்கு வந்த பிள்ள. பள்ளிக்கூடம் விட்டு வீடு வார வரைக்கும் தெருவுல நடக்கணும்லா. இவ ஆபீசுல இருப்பா. யாரு பாத்துக்கிடுவா?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது.

மார்ச் 14

பார்த்தவை. உப்பளத்துப் பக்கம் ஒரு வீடு: வாடகை கட்டுபடியாகும், பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம். லாரி ஷெட்டுக்கு எதிரே ஒன்று: அந்த வழியாக நானே தலையைக் குனிந்துதான் நடந்தேன். பள்ளியை ஒட்டி ஒரு நல்ல வீடு: என் சம்பளம் மொத்தமும் அதற்கே போய்விடும்.

நாலாவது தெரு சுமார். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தாவணிப் பெண்ணிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். "நான் நின்னுட்டேன்க்கா" என்றாள். பக்கத்தில் நின்றவளும் நின்றுவிட்டாளாம். "இந்தத் தெருவுல எல்லாரும் அஞ்சாப்போட நிப்பாட்டிருவாவ" என்று சிரித்தாள்.

குடங்கள் நிறைந்ததும் இருவரும் போனார்கள். அப்போதுதான் தோன்றியது. இதுவரை நான் பார்த்ததெல்லாம் வீட்டை.

மார்ச் 19

தலைவலி என்று சொல்லி நாலு மணிக்கே ஆபீசிலிருந்து வந்துவிட்டேன். முனிசிபல் பெண்கள் பள்ளி வாசலுக்கு எதிரே, கரும்புச்சாறுக் கடையை ஒட்டி நின்றேன். சின்னப் பிள்ளைகள் மடை திறந்த மாதிரி ஓடி வந்தார்கள். அவர்களை விட்டுவிட்டேன். பெரிய பிள்ளைகள்தான் எனக்கு வேண்டும், பத்தும் பதினொன்றும் படிக்கிற தாவணிக்காரிகள். அவர்கள் எந்தத் தெருவுக்குள் போகிறார்களோ, அந்தத் தெருதான் பிலோமினாவுக்கு.

ஒரு கூட்டம் மேற்கே திரும்பியது. பின்னாலேயே போனேன். வழியில் பாதிப் பேர் பஸ்ஸுக்குப் பிரிந்துபோனார்கள்.

மார்ச் 24

மறுபடி தலைவலி. கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மேனேஜர் அக்கறையாகச் சொன்னார்.

இன்று ஏழு பெண்கள். மார்க்கெட்டைத் தாண்டி, மாவு மில்லை ஒட்டிய தெருவில் நுழைந்தார்கள். நுழைந்ததும் நடை மாறிவிட்டது. சத்தமாகச் சிரித்தார்கள். ஒருத்தி புத்தகத்தால் இன்னொருத்தி முதுகில் அடித்தாள். எந்த வாசலிலிருந்தும் யாரும் அதட்டவில்லை. ஒரு வயசான பாட்டா தன் சைக்கிளை ஓரம் கட்டி அவர்களுக்கு வழி விட்டார்.

விடுதிக்குத் திரும்பும்போது எனக்கும் அந்த மாதிரி நடக்கத் தோன்றியது. கூட யாராவது இருந்தால்தானே.

மார்ச் 26

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்று தெரு பாதி தாண்டவில்லை. பலசரக்குக் கடையை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு அம்மா கையில் முறத்தோடு இறங்கி வந்து வழியை மறித்தாள்.

"ஏளா, நில்லு. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க பிள்ளையளுக்குப் பின்னாலயே வார. பிள்ள பிடிக்கிறவளா நீ?"

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "செல்லக்கனிக்கா, கண்ணாடி போட்டுருக்கா. பிள்ள பிடிக்கிறவ எவ கண்ணாடி போட்டா?"

"கண்ணாடி போட்டா நல்லா ஆளு பாத்துப் பிடிப்பா."

ஏழு பெண்களும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். "வீடு... வீடு பாக்கேன்க்கா."

"வீடு பாக்கவ வீட்டப் பாரு. பிள்ளையள என்னத்துக்குப் பாக்க?"

எப்படிச் சொன்னேனோ. தங்கச்சிக்கு என்றேன். பெரிய பிள்ளைகள் படிக்கிற தெருவாக வேண்டும், அவள் நடந்து வரணும் என்றேன். அழுதுவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடி நனைந்திருந்தது.

அவள் முறத்தை இடுப்புக்கு மாற்றினாள். "அங்கன நிக்கால்லா, ரெட்டச் சடை. எம்மவதான். பத்தாவது" என்றாள். கொஞ்சம் கழித்து, "பின்னால ஒரு போர்ஷன் சும்மாதான் கெடக்கு. உள்ள வா" என்றாள்.

ஒரு அறை, ஒரு நடை, முற்றத்தில் குழாய். வாடகை என்னால் முடியும். சமைக்க இடம் தேடி, குசினி எங்கே என்று கேட்டேன்.

"குசினியா? கடக்கரை ஆளா நீ?"

ஆமாம் என்றேன்.

"அப்பா என்ன செய்தாவ?"

"கப்பல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பாவிடம் இருப்பது ஒரு வள்ளம்.

அவள் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள்: "கருவாடு காயப் போடக் கூடாது. மீன் கழுவுன தண்ணிய முத்தத்துல ஊத்தக் கூடாது. வாங்கித் திங்கலாம், நாங்களும் திம்போம். மீன் கூடை மட்டும் வாசலத் தாண்டப்படாது."

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

குடிவந்தாயிற்று. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கினேன். ஒரு தட்டில் சாப்பிட்டேன். இன்னொன்றையும் கழுவிக் கவிழ்த்தேன்.

ஏப்ரல் 20

வீட்டைப் பற்றி ஊரில் சொன்னேன். அந்த அம்மாவின் நிபந்தனைகளையும் அப்படியே சொன்னேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "மீன் கூடை ஆவாதாமா" என்று மட்டும் கேட்டாள். பதினைந்து வருஷமாக அந்தக் கூடைதான் எனக்கு ஃபீஸ் கட்டியது. இதையாவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

மே 11

எதுவும் இல்லை. வெயில். முன்வீட்டில் எல்லோரும் சேர்ந்து தாயம் ஆடுகிற சத்தம். செல்லக்கனி அக்கா ஒருமுறை கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பிலோமினா வந்துவிட்டாள். அப்பா தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார். அம்மா வரவில்லை. "ஒரு சொல்லு என் காதுல விழுந்துச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

இரண்டாவது தட்டில் சோறு.

ஜூன் 22

இவளுக்கு இந்தத் தெருவில் தெரியாத ஆள் இல்லை. சைக்கிள் பாட்டாவின் பெயர் ஞானையா என்று இவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டம் இப்போது எட்டுப் பேர். செல்லக்கனி அக்கா என்னை "பிலோமினா அக்கா" என்கிறாள். என் பெயரை இதுவரை கேட்டதில்லை. மாலையில் முன்வீட்டில் இவள் குரல்தான் உரக்கக் கேட்கிறது. நான் உள்ளே சோறு வடிக்கிறேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்?

ஜூலை 2, புதன்

குழாயடியில் செல்லக்கனி அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு மீன்காரி நம்ம பிள்ளையளுக்குப் பின்னாலயே வாராளே, பாத்தியா? பள்ளிக்கூடத்துல இருந்தே வாரா. மேலத் தெரு, கீழத் தெரு எல்லாத்துலயும் விக்கா. நம்ம தெருவுக்குள்ள மட்டும் வர மாட்டக்கா. முனையிலயே நின்னுக்கிட்டு, ஒந்தங்கச்சி வீட்டுக்குள்ள நுழையவும் திரும்பிப் போயிருதா. நான் நாளைக்கு முறத்த எடுத்துட்டுப் போறேன்."

எப்படி இருப்பாள் என்று கேட்டேன்.

"கறுப்பா, ஒசரமா. ஒன்னைய மாரிதான் நடக்கா, தலயக் குனிஞ்சுக்கிட்டு."

ஜூலை 3

தூக்கம் இல்லை. அம்மாவேதான். என்ன சொல் காதில் விழுந்தது? யார் சொன்னது? பள்ளி திறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லையே. கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாளா?

பிலோமினாவிடம் கேட்டேன். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தெரியும்க்கா. அம்மா மொத நாள்ல இருந்தே வருது. திரும்பிப் பாத்தா போயிரும்னுதான் பாக்கல."

ஜூலை 4, வெள்ளி

தலைவலி என்றேன். மேனேஜர் கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

தெரு முனையில், மில் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். தலையில் மீன் கூடை, அந்தப் பனையோலைக் கடவப்பெட்டி. எட்டுப் பெண்களும் சிரித்துக்கொண்டே தெருவுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வந்தது தெரியவில்லை.

"அம்மா."

திடுக்கிட்டாள். "நான் யாவாரத்துக்கு வந்தேன்" என்றாள்.

"வீட்டுக்கு வா."

"கூடையோடயா? ஆவாதுன்னாவள்லா. நீ இங்கன மரியாதையா இருக்க. நான் போறேன். பிள்ள ஒழுங்காத்தான் வாரா. பாத்துட்டேன்."

கூட்டிக்கொண்டு போக வரவில்லை. அம்மா பார்க்கத்தான் வந்திருக்கிறாள். யார் பாத்துக்கிடுவா என்று கேட்டாளே, அவளேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கையை நீட்டிக் கடவப்பெட்டியை இறக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். ஆபீஸ் சேலை. மீன் தண்ணீர் முழங்கால் வரை வழிந்தது. ஞானையா பாட்டா சைக்கிளை ஓரம் கட்டினார். பின்னால் அம்மா, "ஏளா, ஏளா, சேலை" என்று கிசுகிசுத்துக்கொண்டே வந்தாள்.

செல்லக்கனி அக்கா முறத்தோடு வாசலில் நின்றாள். கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எங்க அம்மா" என்றேன். "அப்பா கப்பல்ல இல்லக்கா. வள்ளம்." குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு வாசலை விட்டு இறங்கி, கடவப்பெட்டியின் மேல் கிடந்த ஈரச் சாக்கை ஒரு விரலால் விலக்கினாள்.

"விளமீன் என்ன வெல?"

"வெல கேட்டுட்டு வாங்காமப் போற ஆளா நீங்க?" என்றாள் அம்மா.

"வாங்குத ஆளுதான். செவுளத் தூக்கிக் காட்டுங்க, பாப்போம்."

இரண்டு பேரும் குனிந்து பேரம் பேசினார்கள். விட்டுக்கொடுக்கிற ஆட்களாகத் தெரியவில்லை. கடவப்பெட்டி வாசலுக்கு வெளியேதான் இருந்தது. அம்மா குழாயில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு தட்டையும் பார்த்தாள். பிலோமினாவின் சடையை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வெறும் கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"நாளைக்கு யாவாரத்த இந்தத் தெருவுல இருந்தே தொடங்குதேன்" என்றாள்.

நாளை மூன்றாவது தட்டு வாங்க வேண்டும்.